பின்பக்கத்துக்குக் கூலி உண்டா?

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். அந்த ஆடையிலும் இரண்டு பாதி உண்டு. ஒன்று ஊர் பார்க்கிற மேல்பக்கம். இன்னொன்று உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிற பின்பக்கம். முகூர்த்த நாளில் காரைக்குடியில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் மேல்பக்கத்துக்குக் குறைவே இருக்காது. ரவிக்கைக் கையில் மயில், முதுகில் மாங்காய், கழுத்தைச் சுற்றித் தாமரை என்று கண்ணைப் பறிக்கும். பின்பக்கத்தின் ஞாபகம் வருவது மூன்றாவது துவைப்பில்தான். எங்கிருந்தோ ஒரு நூல் முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் மயில் தோகையில் பாதி கையோடு வந்துவிடும்.

உடனே பழி போடும் படலம் ஆரம்பமாகும். ரவிக்கைக்குச் சொந்தக்காரர் எம்பிராய்டரி போட்டவரைத் திட்டுவார். அவர் நூலைக் குறை சொல்வார். நூல் கடைக்காரர், "வாஷிங் மெஷினில் போட்டிருப்பீர்கள்" என்பார். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே சொல்லாத ஒரு காரணமும் இருக்கிறது. இந்த வேலைக்குக் கூலி கணக்குப் போடும் முறையே பிரச்சினையின் வேர். மேல்பக்கத்தில் தெரிகிற ஒவ்வொரு தையலுக்கும் காசு உண்டு. பின்பக்கத்தில் போட வேண்டிய முடிச்சுக்குக் காசு கிடையாது. காசு இல்லாத வேலை அவசரத்தில் விட்டுப்போவதில் ஆச்சரியம் என்ன?

அரிசி மூட்டை சொல்லும் பாடம்

நூல் ஏன் பிரிகிறது என்று புரிய ஒரு அரிசி மூட்டை போதும். மூட்டையின் வாயில் இருக்கும் தையலை ஒரு முனையிலிருந்து இழுத்தால் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் வராது. மறுமுனையில் சரியான நூலைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் கழன்று வந்துவிடும். சங்கிலித் தையலின் குணம் அது. ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு அடுத்து வரும் கண்ணி பிடித்துக்கொள்கிறது. கடைசிக் கண்ணியைப் பிடிக்க மட்டும் யாரும் இல்லை. அதைக் கட்டாமல் விட்டால், தைத்து முடித்த இடத்திலிருந்து ஆரம்பம் வரை வரிசையாகக் கழன்றுவிடும்.

மூட்டைக்கு அது வசதி. ரவிக்கைக்கு அது வினை. இன்று ஊருக்கு ஊர் நடக்கிற ஆரி ஒர்க் இந்தச் சங்கிலித் தையல்தான். கொக்கி வைத்த ஊசி துணியின் மேலிருந்து உள்ளே போய், அடியில் இருக்கும் நூலை வளையமாக மேலே இழுத்து வருகிறது. மேலே சங்கிலி தெரியும், அடியில் நேர்கோடாக நூல் ஓடும். வரிசை முடிகிற இடத்தில் கடைசி வளையத்தின் மேல் ஒரு குத்துக் குத்தி, நூலை அடிப்பக்கம் இறக்கி முடிச்சுப் போட வேண்டும். அந்த ஒரு முடிச்சு விட்டுப்போனால் மணிகள், சமிக்கி எல்லாம் ஒரே நூலில் கோர்த்தபடி உதிர்ந்துவிடும்.

தையல் மெஷினின் வரலாறும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பிரான்ஸ் நாட்டுத் தையல்காரர் பார்த்தெலமி திமோனியே 1830-ல் காப்புரிமை வாங்கிய மெஷினில், ஆரி ஊசியைப் போலவே கொக்கி வைத்த ஊசி இருந்தது. அது போட்டதும் ஒற்றை நூல் சங்கிலித் தையல்தான். 1846-ல் அமெரிக்காவின் எலியாஸ் ஹோவ் இரண்டு நூல் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மேல்நூலும் பாபினில் இருக்கும் கீழ்நூலும் துணிக்குள் ஒன்றை ஒன்று கட்டிப் பிடிக்கும் லாக் ஸ்டிச் அது. 1863-ல் சுவிட்சர்லாந்தின் ஐசக் குரோப்லி இதே இரண்டு நூல் முறையை எம்பிராய்டரிக்குக் கொண்டுவந்தார். இன்றைய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின்களும் பெரும்பாலும் லாக் ஸ்டிச்தான் போடுகின்றன.

அப்படியானால் மெஷின் எம்பிராய்டரி பிரியவே கூடாதே? பிரிகிறதே, ஏன்?

பூட்டு உண்டு, சாவியை யார் திருப்புவது?

லாக் ஸ்டிச்சில் நடுவில் ஒரு தையல் அறுந்தால் மொத்தமும் ஓடாது. பக்கத்துத் தையல்கள் பிடித்துக்கொள்ளும். ஆனால் தொடங்கும் இடமும் முடியும் இடமும் எப்போதும் பலவீனமானவை. அதனால் ஒவ்வொரு பூவும் இலையும் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரே இடத்தில் மூன்று நான்கு பொடித் தையல் போட வேண்டும். அதுதான் பூட்டு. டிசைனைக் கம்ப்யூட்டரில் பஞ்சிங் செய்பவர் இதைச் சேர்த்தால் மெஷின் போடும். சேர்க்காவிட்டால் போடாது. மெஷினுக்குச் சுயபுத்தி கிடையாது.

பிரிவதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. எல்லாமே அவசரத்தின் பிள்ளைகள்.

பாபின் நூல் தீர்ந்துபோவது ஒன்று. கீழ்நூல் இல்லாமலேயே மெஷின் கொஞ்ச தூரம் குத்திக்கொண்டு போயிருக்கும். அந்தத் தையல்களுக்குப் பிடிமானமே இல்லை. புதுப் பாபின் போட்டதும் டிசைனில் சில தையல்கள் பின்னால் போய், பழையதன் மேலேயே மறுபடி ஓட்ட வேண்டும். பலர் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்துவிடுகிறார்கள். மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அடுத்தது இழுவிசை, கடைத்தெரு பாஷையில் டென்ஷன். நிரப்பித் தைத்த பூவிதழைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்கு வெள்ளைக் கீழ்நூலும், இரண்டு ஓரத்திலும் கலர் நூலும் தெரிந்தால் டென்ஷன் சரி. வெள்ளையே தெரியவில்லை என்றால் மேல்நூல் தொளதொளவென்று இருக்கிறது. அது கொலுசிலும் வளையலிலும் மாட்டி இழுபடும். பட்டையாகத் தைக்கும் தையல் சுமார் 7, 8 மில்லிமீட்டரைத் தாண்டி நீளமாகப் போனாலும் இதே கதிதான். பெரிய இதழை ஒரே பட்டையாக நிரப்பாமல் நடுவில் பிரித்துத் தைக்க வேண்டும்.

மூன்றாவது, கத்தரி. தையல் முடிந்ததும் பின்பக்கம் பிசிறு வெட்டுவார்கள். ஒட்ட வெட்டினால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் பூட்டுத் தையலின் வாலையும் சேர்த்து வெட்டிவிட்டால், அதன் பிறகு பூட்டு வெறும் பெயருக்குத்தான். அடியில் வைக்கும் பேப்பரைக் கிழிக்கும்போது வெடுக்கென்று இழுத்தாலும் தையல் தளரும். டி-ஷர்ட் போன்ற இழுபடும் துணிக்குக் கிழிக்கிற பேப்பர் ஆகாது. வெட்டி எடுக்கிற வகையை வைத்து, டிசைனைச் சுற்றிக் கொஞ்சம் விட்டு வெட்ட வேண்டும். அது துணியோடு கடைசிவரை இருந்து தையலைத் தாங்கும்.

ஒரு சின்னக் கணக்கு

பூட்டுத் தையல் போட்டால் நேரம் ஆகும், கட்டுப்படியாகாது என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

உதாரணத்துக்கு 10,000 தையல் உள்ள ஒரு டிசைன். அதில் 50 தனித்தனி உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் 4, முடிவில் 4 என்று 8 பூட்டுத் தையல். மொத்தம் 400. அதாவது 4 சதவீதம் கூடுதல். மெஷின் நிமிடத்துக்கு 800 தையல் வேகத்தில் ஓடினால், முழு டிசைனுக்கு பன்னிரண்டரை நிமிடம் ஆகும். பூட்டுக்கு ஆகும் கூடுதல் நேரம் அரை நிமிடம். அவ்வளவுதான்.

மெஷினுக்கு அரை நிமிடம் சரி. மனிதக் கைக்கு? பாபின் மாற்றிப் பின்னால் போய்த் தைப்பது, பிசிறை நிதானமாக வெட்டுவது, பின்பக்கத்தை ஒருமுறை கண்ணால் பார்ப்பது, மெத்தென்ற துணியை அயர்ன் பாக்ஸால் பின்பக்கம் ஒட்டுவது, இதெல்லாம் சேர்ந்தால் சில நிமிடங்கள் ஆகும். உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது. அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்கு 1,000 தையலுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். ஆரி வேலைக்கு டிசைனைப் பார்த்து, கைக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். இரண்டிலும் அளவுகோல் மேல்பக்கம்தான். பின்பக்கத்தைக் கவனமாகச் செய்பவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே கூலி. கவனமாகச் செய்பவர் நாளைக்கு ஒரு ரவிக்கை குறைவாக முடிப்பார். ஒழுங்காக வேலை செய்ததற்கு அவருக்குக் கிடைக்கும் பரிசு அதுதான்!

இரண்டு கை, இரண்டு பில்

ரவிக்கை விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. எம்பிராய்டரி போடுபவர் ஒருவர், வெட்டித் தைப்பவர் இன்னொருவர். துணியில் அளவு குறித்து, எம்பிராய்டரி முடித்து, பிறகு தையல்காரரிடம் கொடுக்கிறார்கள். குறித்த அளவு ஒன்றாகவும் வெட்டுகிற அளவு வேறாகவும் இருந்தால் கத்தரி நேராகச் சங்கிலியின் மேலேயே ஓடும். பிறகு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல ஆகி, ஓரத்தைப் பிரித்துத் தளர்த்தும்போதும் இதே ஆபத்துதான்.

அப்படி அறுந்த நூல் இரண்டு மாதம் கழித்துத் தலை நீட்டும்போது, எம்பிராய்டரிக்காரர் தையல்காரரைக் கைகாட்டுவார். தையல்காரர் எம்பிராய்டரிக்காரரைக் கைகாட்டுவார். இரண்டு பில், ஒரு பழி. இரண்டு பேரையும் முதலிலேயே ஒரு வார்த்தை பேச வைத்திருந்தால் போதும். வெட்டும் கோட்டுக்கு உள்ளேயே ஒவ்வொரு வரிசையையும் முடிச்சுப் போட்டு முடித்துவிட்டால், கோட்டுக்கு வெளியே எதை வெட்டினாலும் உள்ளே இருப்பது பிரியாது.

எலுமிச்சைச் சந்தை

வணிகவியல் படிப்பவர்களுக்கு இந்தக் கதை எங்கோ கேட்டதுபோல இருக்கும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டைக் காரை அந்த ஊர்ப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்பார்கள். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல காருக்கும் யாரும் நல்ல விலை கொடுக்கத் துணியமாட்டார்கள். கடைசியில் நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகிவிடுவார். 2001-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எம்பிராய்டரியிலும் அதேதான் நடக்கிறது. வாங்குபவர் கண்ணுக்கு நல்ல வேலையும் அரைகுறை வேலையும் ஒரே மாதிரி பளபளக்கின்றன. எது உழைக்கும் என்று தெரியாதபோது குறைந்த விலையைத்தான் தேடுவார். நல்ல வேலைக்காரருக்கு இரண்டே வழி. தரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது தொழிலை விட வேண்டும்.

இதில் அடிபடுவது யார்? பெரிய கடைகள் இல்லை. வீட்டுக் கூடத்தில் மரச்சட்டம் போட்டு உட்கார்ந்து ஆரி வேலை செய்யும் பெண்கள். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் போன்றவற்றில் மெஷின் வாங்கி, அதை நம்பிக் குடும்பத்தில் ஒரு வருமானம் பார்க்கிறவர்கள். நூல் பிரிந்தால் ரவிக்கை அவர்களிடம்தான் திரும்பி வரும். மறுபடி தைத்துக் கொடுப்பதற்குக் கூலி கேட்க முடியாது, கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. ஆக, பின்பக்க வேலைக்கு முதலில் கொடுக்காத கூலியைக் கடைசியில் கட்டுவது அவர்களுடைய தூக்கம்தான்.

செட்டிநாட்டுக்குத் தெரியாத விஷயமா?

கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு மதிப்புக் கொடுக்கத் தெரியாத ஊர் என்றால் சரி, போகட்டும் என்று விடலாம். இது செட்டிநாடு. இங்கே பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தால் கண்ணாடி போல வழுக்கும். அந்த வழவழப்பு மேல்பூச்சில் மட்டும் வந்ததல்ல. சுண்ணாம்பை அரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சுப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்ததால் வந்தது. அடியில் இருக்கிற பூச்சை யாரும் பார்க்கப்போவதில்லை என்று கொத்தனார் விட்டிருந்தால் அந்தச் சுவர்கள் இத்தனை காலம் நின்றிருக்காது. அந்த அடிப்பூச்சுக்கும் வீட்டுக்காரர் கூலி கொடுத்தார் என்பதுதான் முக்கியம்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டமும் கரையும் தறியிலேயே நெய்தவை. துணி இருக்கும்வரை டிசைனும் இருக்கும். எம்பிராய்டரி அப்படி இல்லை, துணியின் மேல் பிறகு ஏற்றியது. பிடிமானம் தனியாகக் கொடுத்தால்தான் உண்டு. ஆனால் அதே சேலையின் முந்தானையில் என்ன செய்கிறார்கள்? நூல் பிரியாமல் இருக்க முடிச்சுப் போட்டுக் குஞ்சம் கட்டுகிறார்கள். குஞ்சத்துக்குத் தனிக் கூலி, ஃபால்ஸ் வைக்கத் தனிக் கூலி, ஓரம் அடிக்கத் தனிக் கூலி. யாரும் முகம் சுளிக்காமல் கொடுக்கிறார்கள். சேலை பிரியாமலிருக்கக் காசு கொடுக்கிறவர்கள், சேலையைவிடச் சில சமயம் அதிக விலை ஆகிற ரவிக்கைக்குக் கொடுக்கமாட்டார்களா? கேட்டால் கொடுப்பார்கள். கேட்பதற்கு அதற்கொரு பெயர் வேண்டும், பில்லில் அதற்கொரு வரி வேண்டும்.

"ரெண்டு தடவை போடப்போற துணிதானே?"

இப்படி ஒரு வாதம் உண்டு. முகூர்த்தத்துக்கு ஒரு தடவை, வளைகாப்புக்கு ஒரு தடவை, அதோடு பீரோவுக்குள் போகிற ரவிக்கைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்பார்கள். கல்யாண ரவிக்கைக்கு மட்டும் வேண்டுமானால் அந்த வாதம் கொஞ்சம் ஒத்துவரும். ஆனால் அதே கையும் அதே பழக்கமும்தான் குழந்தையின் கவுனிலும், தினமும் ஆபீசுக்குப் போடும் சுடிதாரிலும், கம்பெனி பெயர் பொறித்த சட்டையிலும் வேலை செய்கின்றன. அவை வாரம் ஒருமுறை துவைக்குப் போகிறவை. தவிர, சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு பொருளை இரண்டு தடவைக்கு மேல் போட முடியாது என்று வாங்குபவரே ஒப்புக்கொள்வது விசித்திரமாக இல்லையா?

சட்டம் இருக்கிறதே என்றும் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளையும் குறையுள்ள சேவையையும் கேள்வி கேட்க வழி தருகிறது. ஆனால் ஒரு நூல் முனைக்காகத் தெருவில் தினமும் பார்க்கிற அக்காவின் மேல் யார் வழக்குப் போடுவார்கள்? போடவும் கூடாது. இது கோர்ட்டில் தீரும் விஷயமில்லை. கூலி பேசுகிற இடத்திலேயே தீர வேண்டியது.

என்ன செய்யலாம்?

தைப்பவர்கள்: பில்லில் பின்பக்க வேலை என்று தனியாக ஒரு வரி எழுதுங்கள். என்னென்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். முடிச்சு, பிசிறு, பின்பக்கம் ஒட்டும் துணி. கொடுக்கும்போது ரவிக்கையை மேல்பக்கம் மட்டும் விரித்துக் காட்டாமல் திருப்பியும் காட்டுங்கள். திருப்பிக் காட்டுகிற கடைக்கும் காட்டாத கடைக்கும் வித்தியாசம் ஒரே சீசனில் தெரிந்துவிடும். இன்னொன்று, பசையை முடிச்சுக்குப் பதிலாக நம்ப வேண்டாம். போட்ட முடிச்சின் மேல் ஒரு துளி வைத்தால் துணை. முடிச்சே இல்லாமல் தடவினால் துணி விறைக்கும், துவைக்கத் துவைக்க விட்டுப்போகும்.

சொல்லித் தருபவர்கள்: ஆரி வகுப்பும் மெஷின் எம்பிராய்டரி வகுப்பும் தெருவுக்குத் தெரு நடக்கின்றன. முதல் நாள் பூப்போடக் கற்றுத்தரும் முன் முடிக்கக் கற்றுத்தர வேண்டும். மாணவியின் சாம்பிள் துணியைத் திருப்பிப் பார்த்து மார்க் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வாங்குபவர்கள்: காசு கொடுக்கும் முன் திருப்பிப் பாருங்கள். வரிசை முடியும் இடங்களில் முடிச்சு இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று விரலால் தடவினாலே தெரியும். துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, தண்ணீரில் கையால் அலசுங்கள். பிரஷ் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். தேய்ப்பதும் பின்பக்கத்திலிருந்துதான். மீறி ஒரு நூல் நீட்டினால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள். ஒரு சாதாரண ஊசியில் அந்த முனையைக் கோர்த்துப் பின்பக்கம் இழுத்து, பக்கத்துத் தையல்களுக்கு அடியில் இரண்டு சுற்றுச் செருகி முடிச்சுப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை, மயில் தப்பித்துவிடும்.

இதில் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை, புது மெஷினும் தேவையில்லை. அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது, "பின்பக்கம் நன்றாக முடித்துக் கொடுங்கள், அதற்கு எவ்வளவு சேர்த்துத் தரட்டும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கிற வாடிக்கையாளர் பத்துப் பேர் சேர்ந்தால், ஒரு தெருவில் ஒரு நல்ல வேலைக்காரராவது தொழிலை விடாமல் இருப்பார்.